கண்மாய்க் குழுவும் போர் எதிர்ப்புக் குழுவும்: எந்த இடத்தில் கை கோப்பது?

கேள்வி இது: மேலூர்ப் பக்கம் கண்மாய், மலை, ஓடை என்று வேலை செய்யும் குழு ஒன்று இருக்கிறது. மதுரை நகருக்குள் போர் வேண்டாம் என்று கூட்டம் போடுகிறவர்கள் வேறு குழு. ஒருவரையொருவர் தெரியும், ஆனால் ஒரே பந்தலில் உட்கார்ந்ததில்லை. ராணுவங்களால் பருவநிலைக்கு வரும் கேட்டை எதிர்த்து இரண்டு பேரும் சேர முடியுமா? முடியும் என்றால் எதிலிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் அமைப்புகளை இணைக்கப் பார்க்காதீர்கள். பெயர்ப் பலகை, தலைவர் யார், யார் கொடி முன்னால் போவது என்று மூன்று மாதம் அதிலேயே கழியும். ஒரே ஒரு கோரிக்கையில் சேருங்கள்: பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லி எதையும் கணக்கிலிருந்து விலக்கக் கூடாது. கணக்கு என்று நான் சொல்வது இரண்டு. ஒன்று, எவ்வளவு எரித்தோம் என்ற கரிமக் கணக்கு. மற்றது, ஊரைக் கேட்டோமா என்ற கணக்கு. இரண்டிலும் ராணுவத்துக்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்குதான் உங்கள் இருவருக்கும் பொதுவான எதிரி.

முதல் விலக்கு 1997-இல் கியோட்டோவில் வந்தது. அமெரிக்காவின் வற்புறுத்தலால், ஐ.நா. சாசனத்தின் கீழ் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் படை நடவடிக்கைகளின் புகையும், பன்னாட்டுப் பயணத்துக்காகக் கப்பலிலும் விமானத்திலும் நிரப்பும் எரிபொருளின் புகையும் நாடுகளின் மொத்தக் கணக்கில் சேராது என்று முடிவானது. 2015-இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தபோது அந்தத் தானியங்கி விலக்கு போய்விட்டது. ஆனால் படைகளின் புகையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. விருப்பப்பட்டவர்கள் சொல்லலாம், அவ்வளவுதான். வளரும் நாடுகளுக்கு கியோட்டோ காலத்தில் குறைப்புக் கடமையே கிடையாது என்பதால், நம் நாட்டில் இந்தக் கேள்வி பொதுவெளிக்கே வரவில்லை.

அதனால்தான் உலக அளவில் எண் கேட்டால் மதிப்பீடு மட்டுமே கிடைக்கிறது. 2022-இல் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு ஆய்வு அமைப்புகள் சேர்ந்து போட்ட மதிப்பீட்டின்படி, உலகப் படைகளும் அவற்றுக்குப் பொருள் செய்து தரும் தொழில்களும் சேர்ந்து மொத்தப் பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 5.5 விழுக்காட்டை வெளியிடுகின்றன. எல்லாப் படைகளையும் ஒரு நாடாக வைத்தால் அது நான்காவது இடத்தில் நிற்கும். இந்த எண்ணைச் சொல்லும்போது 'மதிப்பீடு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அந்த ஆய்வே 3.3 முதல் 7 விழுக்காடு வரை என்றுதான் வரம்பு கொடுக்கிறது. போர் நடக்கும்போது எரியும் காடும் கிணறும் இடியும் கட்டடமும் இதில் அடங்கவில்லை.

அவற்றைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்த போர் ஒன்று உண்டு, உக்ரைன். 2022 பிப்ரவரியிலிருந்து மூன்று ஆண்டில் சுமார் 23 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு. ஆஸ்திரியா, ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா ஆகிய நான்கு நாடுகளும் ஓர் ஆண்டில் வெளியிடுவதற்கு அது ஈடு. நேரடிப் போர் நடவடிக்கை அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. கால் பங்கு போல, இடிந்ததைத் திரும்பக் கட்டும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகிறது. ஐந்தில் ஒரு பங்கு, யாரும் போய் அணைக்க முடியாத காட்டுத்தீயும் வயல்தீயும். மீதியில் குண்டு விழுந்த எரிசக்திக் கட்டமைப்புகளும், வான்வழி மூடியதால் சுற்றிப் போகும் பயணி விமானங்களின் எரிபொருளும் வருகின்றன. துண்டறிக்கையில் போட வேண்டியது இந்தப் பிரிப்புதான். வெறும் 23 கோடி டன் என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. வீடு கட்டியவருக்கு ஒரு மூட்டை சிமெண்டின் விலை தெரியும். இடித்த ஊரைத் திரும்பக் கட்டுவதற்கே இவ்வளவு புகை என்றால் உடனே பிடிபடும்.

பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் தஞ்சாவூரை எடுங்கள். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானப் பிரிவு ஒன்று வந்தது. அந்த விமானத்தின் உள் தொட்டிகள் நிரம்பினால் சுமார் 9.6 டன் எரிபொருள். விமான எரிபொருள் ஒரு டன் எரிந்தால் 3.16 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். பெருக்கினால் 30 டன். இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் என்று வைத்தால், ஒரு விமானத்தை ஒரு முறை நிரப்பினால் 15 பேரின் ஓராண்டுப் புகை. கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டே பெருக்கச் சொல்லுங்கள். விமானம் எத்தனை தடவை பறக்கிறது என்ற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போனால் வேறு வம்பு வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். நாட்டின் புகையில் மிகப் பெரிய பங்கு நிலக்கரி மின்சாரம்தான். 'வெயிலுக்குக் காரணம் ராணுவம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து அதை உடைப்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

இனி இரண்டாவது விலக்குக்கு வருகிறேன். மதுரைக்காரர்களுக்கு இதுதான் கையில் தொட்டுக் காட்டக்கூடிய விஷயம்.

அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. 193 ஹெக்டேர், ஏழு குன்றுகள், அவற்றின் மடியில் ஏரிகளும் ஊற்றுகளும், சமணர் படுக்கை, தமிழி எழுத்து, குடைவரைக் கோயில். 2024 நவம்பர் 7-ஆம் தேதி அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவு வெளியானது. சுமார் 5,000 ஏக்கர். அந்த டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை மக்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவ்வளவாகப் பேசப்படாதது, டங்ஸ்டன் எதற்கு என்பது. அதன் அடர்த்தி தங்கத்தை ஒட்டியது, தண்ணீரைப் போல 19.3 மடங்கு. உருகுநிலை 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல், உலோகங்களிலேயே அதிகம். உலகில் பெரும்பகுதி, துளையிடும் முனைக்கும் லேத்தில் பூட்டும் வெட்டு முனைக்கும் போகிறது. இன்னொரு பயன், எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் கம்பி. வெடிமருந்தே இல்லாத, வெறும் எடையாலும் வேகத்தாலும் துளைக்கும் கம்பி அது. நிக்கலும் இரும்பும் கொஞ்சம் சேர்த்து டங்ஸ்டன் தூளை அழுத்திச் சூளையில் வைத்து அதைச் செய்வார்கள். இந்தியாவில் அதற்கென்றே உள்ள ஆலை மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரத் தொலைவில், திருச்சியில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'அரிட்டாபட்டி மலையைத் தோண்டித் துப்பாக்கிக் குண்டு செய்யப் பார்த்தார்கள்' என்று மேடையில் சொல்லாதீர்கள். அந்தத் தாது எந்த ஆலைக்குப் போயிருக்கும் என்பதற்கு ஆவணம் கிடையாது. ஆவணத்தோடு சொல்லக்கூடியது வேறு இருக்கிறது, அது இதைவிட வலுவானது.

2023-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. முக்கிய, உத்திசார் கனிமங்கள் என்று 24 இனங்களை முதல் அட்டவணையின் 'ஈ' பிரிவில் சேர்த்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. (அரசு ஆவணத்தில் ஆங்கில எழுத்து வரிசையில் அது 'டி' பகுதி, தேடும்போது அப்படித்தான் கிடைக்கும்.) டங்ஸ்டன் அதில் உண்டு. அடுத்து, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுங்கள். அதன் 7-ஆம் பத்தியில், நாட்டின் பாதுகாப்பு தொடர்பான திட்டங்களுக்கும், ஒன்றிய அரசு உத்திசார் தேவை என்று தீர்மானிக்கும் திட்டங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஒரு வரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது. அணுக் கனிமங்களுக்கும் இந்த 'டி' பகுதிக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டுவதானால் மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்றது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த 7-ஆம் பத்தியைப் பயன்படுத்தித்தான் இதைச் செய்தார்கள்.

இதைக் கூட்டத்தில் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். வல்லாளபட்டிப் பெரியவர் ஒருவர், கிடாரிப்பட்டி அம்மா ஒருவர், மைக்கைப் பிடித்து 'எங்க மலைய விடமாட்டோம்' என்று அதிகாரிக்கு முன்னால் சொல்லி, அது எழுத்தில் பதிவாகும் அந்த ஒரு நாள்தான் கருத்துக்கேட்பு. நாளைக்கு இன்னொரு தொகுதி ஏலத்துக்கு வந்தால் அந்த நாள் கிடையாது. அதை எடுத்தது சுரங்க முதலாளி அல்ல, பாதுகாப்பு என்ற சொல். கண்மாய்க் குழுவுக்குப் போர் எதிர்ப்பு ஏன் தேவை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். போர் எதிர்ப்புக் குழுவுக்கும் அப்படித்தான். காஸாவையும் உக்ரைனையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் மேலூர் சந்தையில் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். இந்தக் குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், கேட்பார்கள்.

'இதெல்லாம் எங்கிருந்தோ வந்த சிந்தனை' என்று சொல்வார்கள். மதுரை மாவட்டத்துக்கே ஒரு பதில் இருக்கிறது. டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று காலமான ஜே.சி.குமரப்பா, பொருளாதாரத்தை இரண்டாகப் பிரித்தார். எண்ணெய், நிலக்கரி, தாது போல எடுக்க எடுக்கக் குறையும் இருப்பை நம்பி ஓடுவது ஒன்று. மழை, மரம், மாடு, மனித உழைப்பு போல ஆண்டுதோறும் திரும்ப வருவதை நம்பி ஓடுவது இன்னொன்று. முதலாவது போட்டியையும் அதன் வழியே போரையும் கொண்டுவரும் என்றார். எண்ணெய்க்காகத்தான் நாடுகள் அடித்துக்கொள்கின்றன என்பதை 1940-களிலேயே சொன்னவர். கண்மாய் எந்தப் பக்கம் என்று மேலூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றுச்சூழலும் அமைதியும் அவரிடம் இரண்டு துறையாக இருந்ததே இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் பிரித்தோம்.

வெளியுலகத்திலும் தொடக்கத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. 1950-களில் வளிமண்டலத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்கள். அதிலிருந்து விழும் ஸ்ட்ரான்சியம்-90, வேதியியலில் சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடந்துகொள்ளும். புல்லில் விழும், மாடு தின்னும், பாலில் வரும், பிள்ளையின் பல்லில் போய் உட்காரும். நம் ஊரில் பால் பல் விழுந்தால் கூரைமேல் எறியச் சொல்வோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1958 முதல் தாய்மார்கள் அந்தப் பல்லை உறையில் போட்டு ஆய்வுக்கு அனுப்பினார்கள். லட்சக்கணக்கான பற்கள் சேர்ந்தன. சோதனைகள் கூடக் கூடப் பல்லில் ஸ்ட்ரான்சியமும் கூடியது தெரிந்தது. 1963-இல் வளிமண்டலச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு அந்தப் பற்களும் ஒரு காரணம். தாய்மார்கள் சித்தாந்தம் பேசவில்லை. அளந்து காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். உங்கள் கோரிக்கைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

இந்திய முன்மாதிரி இரண்டு சொல்கிறேன். ஒடிசாவின் பாலியபாலில் 1980-களின் நடுவில் ஏவுகணைச் சோதனைத் தளத்துக்கு நிலம் எடுக்க வந்தார்கள். வளமான கடற்கரை மண். அங்கே வெற்றிலைக் கொடிக்கால்தான் வாழ்வு. கூரை போட்டு, நிழல் கட்டி, ஒவ்வொரு கொடியாகக் குழந்தையைப் போல வளர்க்கும் தொழில். சோழவந்தான் கொடிக்காலில் அகத்திக் காலில் கொடியைக் கோரையால் கட்டி ஏற்றுகிறவருக்கு அது உடனே புரியும்: அந்த மண்ணை விட்டுவிட்டு இழப்பீட்டுப் பணத்தில் வேறிடத்தில் கொடிக்கால் போட முடியாது. பாலியபால் மக்கள் ஊருக்குள் வரும் சாலைகளை மறித்து, அதிகாரிகளை உள்ளே விடாமல் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். தளம் அங்கே வரவில்லை. இன்னொன்று, ஜார்க்கண்டின் நேதர்ஹாட் பீரங்கிப் பயிற்சிக் களம். 1990-களின் தொடக்கத்திலிருந்து பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள். 2022-இல் அந்த அறிவிக்கையை இனி நீட்டிப்பதில்லை என்று மாநில அரசு முடிவெடுத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு. உங்கள் குழு ஆறு மாதத்தில் சோர்ந்துபோகும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

சரி, வேலையை எப்படி நடத்துவது?

முதல் கூட்டத்துக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர் போதும். மேடை வேண்டாம், வட்டமாக உட்காருங்கள். ஒரு கூட்டம் நகரத்தில் என்றால் அடுத்தது கிராமத்தில். இதை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் எல்லாக் கூட்டமும் மதுரையிலேயே நடக்கும். ஊர்க்காரர் இரண்டு பஸ் மாறி வந்து, மூன்றாவது கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவார். நேரத்தையும் பாருங்கள். நடவு, அறுப்பு நாட்களில் மாலை ஏழுக்கு முன் யாரும் வர முடியாது. நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் பெண்களுக்கு ஞாயிறுதான் தோது.

அந்த முதல் கூட்டத்தில் ஒரு விதியை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்: எந்தக் கொடிக்கும் விலக்கு இல்லை. அமெரிக்கா, ரஷ்யா, இஸ்ரேல், சீனா, பாகிஸ்தான், இந்தியா, எல்லாப் படையின் புகைக்கும் ஒரே கணக்கு. இது இல்லாத கூட்டணிகள் எப்படி உடையும் என்றால், ஒருவர் உக்ரைனைப் பேசினால் இன்னொருவர் 'ஏன் நேட்டோவைப் பேசவில்லை' என்பார்; ஒருவர் காஸாவைப் பேசினால் இன்னொருவர் 'ஈழத்தின்போது எங்கே போனீர்கள்' என்பார். கேள்விகள் நியாயமானவைதான். விதி முன்கூட்டியே இருந்தால் பதில் சொல்லிவிட்டு நகரலாம்.

ஈழம் என்றதும் இன்னொன்று. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்கள் போர் மண்ணை என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல. பதுங்குகுழிக்கு வெட்டிய பனை, கண்ணிவெடி கிடப்பதால் உழ முடியாத வயல், உயர் பாதுகாப்பு வலயம் என்று அடைத்த யாழ்ப்பாணத்து வலிகாமம் தோட்டக் காணி, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் மறியலுக்கோ, மனுவில் கையெழுத்துக்கோ கூப்பிடாதீர்கள். அவர்களுடைய குடியுரிமை நிலைமை வேறு. உங்களுக்கு ஒரு வழக்கோடு போவது அவர்களுக்கு வாழ்க்கையையே கெடுத்துவிடும்.

மிகக் கவனமாகக் கையாள வேண்டியது பட்டாளத்துக் குடும்பங்கள். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் ராணுவத்தில் ஆள் இல்லாத ஊர் குறைவு. 'ராணுவ எதிர்ப்பு' என்று தலைப்புப் போட்டால் அந்த ஊர்கள் அன்றே மூடிக்கொள்ளும். மூடிக்கொள்வதில் தப்பும் இல்லை. சொல்லை மாற்றினால் போதாது, பார்வையே மாற வேண்டும். போர்வீரர்தான் இந்தக் கேட்டை முதலில் சுவாசிப்பவர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படை தன் குப்பையை முகாமுக்குள்ளேயே திறந்த குழியில் போட்டு எரித்தது. அந்தப் புகையைச் சுவாசித்த வீரர்களின் நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் சிகிச்சை உரிமை கொடுக்கவே 2022-இல் அங்கே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நம் பக்கத்தில், இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் எதிரெதிரே நிற்கும் சியாச்சின் பனியாறு இருக்கிறது. அங்கே துப்பாக்கிச் சூட்டைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரியில் சோனம் காவல் சாவடியில் பனி சரிந்து இறந்த பத்துப் பேரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பனியாற்றை இரண்டு நாட்டுப் படையும் விட்டிறங்கி அமைதிப் பூங்காவாக்கலாம் என்று நெடுநாளாக ஒரு யோசனை இருக்கிறது. பனியாறும் பிழைக்கும், பிள்ளைகளும் பிழைப்பார்கள். முன்னாள் ராணுவத்தினர் ஒருவரை இதைப் பேசச் சொன்னால் நீங்கள் பத்துக் கூட்டம் போட்டதற்குச் சமம்.

பட்ஜெட் எண்ணைச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். 2025-26-இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி ரூபாய். சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு 3,412.82 கோடி. இருநூறு மடங்கு என்று அப்படியே சொல்லிவிட்டால், 'அதில் எங்க பென்ஷனும் இருக்குல்ல?' என்று ஒருவர் கேட்பார். கேட்பது சரி: 1,60,795 கோடி ஓய்வூதியம். அதைக் கழித்துவிட்டே சொல்லுங்கள். ஐந்து லட்சத்து இருபதாயிரம் கோடி மிஞ்சும். அப்போதும் 150 மடங்கு. நாணயமான எண் எப்போதும் போதுமானது. உலகக் கணக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: 2024-இல் எல்லா நாடுகளும் படைகளுக்குச் செலவிட்டது சுமார் 2.72 லட்சம் கோடி டாலர். அதே ஆண்டு அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், ஏழை நாடுகள் பருவநிலையைச் சமாளிக்க 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவோம் என்றார்கள். ஒன்பதில் ஒரு பங்கு, அதுவும் பத்தாண்டு கழித்து.

வேலைவாய்ப்புக் கேள்வி வரும். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை வைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் போட்டிருக்கிறார்கள். 'எங்க பையனுக்கு அங்கேதான் வேலை' என்பார்கள். ஆலையை மூடு என்று சொல்கிற இயக்கம் தொழிலாளியை எதிரிப் பக்கம் தள்ளும். பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள் 1976-இல் செய்ததைச் சொல்லுங்கள். போர் விமான உறுப்பு செய்த அதே இயந்திரத்திலும் அதே கைத்திறனிலும் வெப்ப இறைப்பான், காற்றாலை, சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவி என்று சுமார் 150 பொருட்களுக்குத் தாங்களே திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. ஆனால் வேறு வேலை சாத்தியமில்லை என்ற பேச்சுக்கு அது முற்றுப்புள்ளி. திருச்சித் தொழிற்சங்கத்தாரோடு பேசுங்கள், ஆனால் அவர்கள் நிலையைப் புரிந்துகொண்டு பேசுங்கள். 2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கியபோது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி ஓராண்டுக்குத் தனிச் சட்டமே வந்தது. பாதுகாப்பு என்ற சொல் அவர்கள் வாயையும் அடைத்தது.

இனி காகித வேலை. இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

தகவல் அறியும் உரிமை மனுவில் 'விமானப்படை எவ்வளவு எரிபொருள் வாங்கியது' என்று கேட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு விலக்குத் தரும் 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் முறையைக் கேளுங்கள்: ஐ.நா.வுக்கு அனுப்பும் தேசியப் பசுமை இல்ல வாயுக் கணக்கில் படைகளின் எரிபொருள் எந்தத் தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டிருக்கிறது, தனியாகக் காட்டப்படவில்லை என்றால் அந்த முடிவு எந்தக் கோப்பில் உள்ளது? இதில் ரகசியம் எதுவும் இல்லை. பன்னாட்டுக் கணக்கு முறையில் அதற்கு 1.A.5 என்ற இடமே இருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் மேம்போக்கான பதில் வருவது குறையும். இன்னொரு மனுவில், 7-ஆம் பத்தியின் பாதுகாப்பு விலக்கைப் பயன்படுத்திக் கருத்துக்கேட்பு இல்லாமல் அனுமதி பெற்ற தமிழ்நாட்டுத் திட்டங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒரு மனுவில் இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். கட்டணம் 10 ரூபாய். தமிழிலேயே எழுதலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்தத் தேதியைத் தவறவிடுவதால்தான் பாதி மனுக்கள் சாகின்றன. மனு அனுப்பிய அன்றே நாட்காட்டியில் இரண்டு தேதியையும் வட்டம் போட்டுவிடுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுக்குத் தோதானவை உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் நவம்பர் 1-உம். உலக அமைதி பற்றித் தீர்மானம் கொண்டுபோனால் 'இது ஊராட்சி விஷயம் இல்லை' என்று செயலர் ஒதுக்கிவிடுவார். ஊர் எல்லைக்குள் நிற்கும்படி எழுதுங்கள். இப்படி:

'எங்கள் ஊராட்சி எல்லைக்குள் உள்ள கண்மாய், ஓடை, மலை, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் பாதிக்கும் எந்தச் சுரங்கத் திட்டமானாலும், அது எந்தக் கனிமத்துக்கானதாக இருந்தாலும், எந்தத் துறையின் தேவைக்கானதாக இருந்தாலும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தாமல் அனுமதி அளிக்கக் கூடாது என்று இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது. 8.9.2025 நாளிட்ட அலுவலகக் குறிப்பாணையைத் திரும்பப் பெறும்படி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறது.'

கண்மாய்களின் பெயரையும் சர்வே எண்ணையும் தீர்மானத்திலேயே சேருங்கள். பெயர் இருந்தால் ஊர்க்காரர் கை தூக்குவார். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், பார்த்துக்கொள்ளுங்கள்: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர். காலை பத்து மணிக்கு ஐம்பது பேர் இருந்து, பதினொன்றரைக்குக் கலைந்துபோவதுதான் வழக்கம். ஆகவே உங்கள் தீர்மானத்தை முதலிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் வாசகம் முழுதாக ஏறியதா, வெறுமனே 'சுற்றுச்சூழல் பற்றி விவாதிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 1 முடிந்து ஐந்தாம் நாள், நவம்பர் 6. போரிலும் ஆயுத மோதலிலும் சுற்றுச்சூழலைச் சீரழிப்பதைத் தடுப்பதற்கான நாள் என்று ஐ.நா. 2001-இல் அறிவித்தது. 1991-இல் குவைத்தில் பின்வாங்கிய படை கொளுத்திவிட்டுப்போன அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளில் கடைசிக் கிணற்றை அடைத்ததும் இதே நவம்பர் 6-தான். நம் ஊரில் அது வடகிழக்குப் பருவமழை நடுப்பகுதி. கண்மாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், மடையும் கலுங்கும் பார்க்க ஆள் கரையில் இருப்பார்கள். கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் கண்மாய்க் கரையில் வையுங்கள். மழைக்கு ஒதுங்கப் பக்கத்துக் கோயில் மண்டபத்தையோ பள்ளியையோ முன்பே கேட்டு வையுங்கள். நகரத்தில் ஊர்வலம் என்றால் குறைந்தது ஐந்து நாள் முன்னதாகக் காவல் துறைக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக முடியும்.

செய்யக்கூடாதவை மூன்று. படைத் தளத்தையோ ஆலையையோ படம் எடுப்பது, ட்ரோன் விடுவது, விமானம் எத்தனை முறை பறக்கிறது என்று எண்ணிக் குறிப்பது எதுவும் வேண்டாம்; 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் வாதத்துக்கு அந்தத் தகவல் தேவையும் இல்லை. வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாயும் வேண்டாம், நண்பர் அனுப்பினாலும் வேண்டாம். பதிவு இல்லாமல் வாங்கினால் வழக்கு வரும். வழக்கு வரும் முன்பே 'அந்நியக் கைக்கூலி' என்ற பெயர் வந்துவிடும். மூன்றாவது, 'பசுமை ராணுவம்' என்ற பேச்சுக்கு மயங்குவது. முகாமில் சூரியத் தகடு போடுவது நல்லதுதான். ஆனால் டாங்கியும் போர் விமானமும் மின்கலத்தில் ஓடப் போவதில்லை. ஒரு விமானம் வாங்கினால் அதற்குப் பிறகு முப்பது நாற்பது ஆண்டு அதே எரிபொருளை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் 'எதில் ஓட்டுகிறாய்' என்பதைவிட 'எத்தனை வாங்குகிறாய்' என்பதே சரியான கேள்வி.

துண்டறிக்கைக்கு ஒரே தாள் போதும். முன்பக்கம் அரிட்டாபட்டியும் குறிப்பாணையும், பின்பக்கம் சிமெண்டுக் கணக்கும் தீர்மான வாசகமும். முதலில் ஆயிரம் பிரதி அடியுங்கள். அண்ணா நகர் உழவர் சந்தையில் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் கொடுத்தால் நகரத்து ஆளும் கிராமத்து ஆளும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். கொடுக்கும்போது கண்மாய்க் குழு ஆள் ஒருவரும் போர் எதிர்ப்புக் குழு ஆள் ஒருவரும் ஜோடியாக நில்லுங்கள். மலையைப் பற்றிக் கேட்டால் ஒருவர், எல்லையில் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் மற்றவர் என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒருவர் பதிலை மற்றவரும் சொல்ல ஆரம்பிப்பார்.